கலப்பினக் குட்டிகள்

கண்பார்வை இழந்தவர்களுக்கு வழி காட்டுவதற்கென்றே நாய்களைப் பழக்கி அளிக்கும் நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள அத்தகைய நிலையம் ஒன்றில், வாலி கான்ரன் என்பவர் குட்டிகளைப் பெருக்கி வளர்க்கும் பணிக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1980-களில் ஹவாய்த் தீவிலிருந்து அவருக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. பார்வை குன்றிய பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவை. ஆனால், அவருடைய கணவருக்கோ நாயின் மயிர் ஒவ்வாது. மனைவிக்குத் துணையாகவும் கணவருக்குத் தொல்லை தராமலும் இருக்கத்தக்க நாய் ஒன்று கிடைக்குமா என்பதே அவர்கள் கேட்டது.

சுருண்ட மயிரும், அம்மயிர் மிகுதியாக உதிராத இயல்பும் உடைய பூடில் என்னும் இனம் இதற்குப் பொருந்தும் எனக் கான்ரன் முதலில் எண்ணினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 33 பூடில்களைச் சோதித்துப் பார்த்தார். வழிகாட்டும் வேலைக்கு அவற்றுள் ஒன்றும் தேறவில்லை. பின்னர், அவ்வேலையில் பெயர்பெற்ற லாப்ரடார் இனத்தோடு பூடிலைக் கலந்து பார்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் மயிரையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தபோது, ஒரே ஒரு குட்டியினுடையவை மட்டுமே அக்கணவருக்குத் தீங்கு செய்யவில்லை. 1989-இல் வந்த அக்குட்டிக்குச் சுல்தான் என்று பெயர். அது பழக்கப்பெற்று ஹவாய் சென்று, அப்பெண்மணிக்குப் பல்லாண்டு வழித்துணையாய் விளங்கியது.

மற்ற இரு குட்டிகளின் கதை வேறு. தூய இனக் குட்டிகளைப் பெறுவதற்கு மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர்; கலப்பினத்தை ஏற்பார் ஒருவரும் இல்லை. கான்ரன் ஒரு வழி கண்டார். 'லாப்ரடூடில் என்னும் புதுவகை நாயை உருவாக்கியிருக்கிறோம்' என்று செய்தித்தாள்களுக்கு அறிவிக்கச் செய்தார். பெயர் சூட்டியதும் நிலை தலைகீழாயிற்று. எல்லாரும் லாப்ரடூடிலையே கேட்கலாயினர். வேண்டுவோர் பெருகவே விற்போரும் பெருகினர். பெற்றோர் நாய்களின் நலம் யாது என்று பாராமல், பூடிலையும் கைக்குக் கிடைத்த மற்றோர் இனத்தையும் இணைத்துக் குட்டிகளை விற்றவர்கள் பலர். பிற்காலத்தில் கான்ரன், தாம் தொடங்கிவைத்த செயலுக்காகத் தாமே வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இன்று கலப்பினக் குட்டிகளை வளர்த்து விற்கும் பண்ணைக் குடும்பங்கள் மிகப் பல. அவர்களிடம் குட்டி வாங்க வருவோர், 'கலப்பினம் நோயற்றது' என்னும் நம்பிக்கையோடு வருகின்றனர். இந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பது அறியத்தக்கது.

உண்மை ஒரு பகுதி உண்டு. உழவர்களுக்குக் கலப்பு வீரியம் புதிதன்று. இருவேறு வகை மக்காச்சோளத்தைக் கலந்து பெற்ற வித்து, பெற்றோரைக் காட்டிலும் செழித்து வளர்வதை அவர்கள் கண்டிருக்கின்றனர். நாயிலும் இதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு நாயின் உயிரணுவிலும் 78 குரோமோசோம்கள் உள்ளன. 39 தாயிடமிருந்தும் 39 தந்தையிடமிருந்தும் வருபவை. ஆகவே ஒவ்வொரு பண்புக்கும் உரிய மரபணு பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைகிறது. அவற்றுள் ஒன்று பழுதுற்றிருப்பினும், மற்றொன்று செம்மையாக இருந்தால் அக்குறை பல நேரங்களில் வெளிப்படுவதில்லை. இரண்டும் பழுதுற்றால்தான் நோய் தோன்றும். ஒரே இனத்திற்குள், அதிலும் நெருங்கிய உறவு நாய்களையே பல தலைமுறையாக இணைத்து வந்தால், ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது எளிதாகிறது. தொடர்பில்லாத இரண்டு இனங்களைக் கலக்கும்போது அவ்வாய்ப்புக் குறைகிறது.

குறைகிறதே அன்றி மறைவதில்லை. இங்கேதான் பலர் இடறுகின்றனர். இரண்டு இனங்களிலும் ஒரே பழுது இருந்தால் கலப்பினால் என்ன பயன்? லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. விழித்திரை சிறிது சிறிதாகத் தேய்ந்து, முதலில் இரவுப் பார்வையும் பின்னர் முழுப் பார்வையும் போய்விடும் நோய் அது. அதற்குக் காரணமான மரபணுப் பழுது ஒன்று இவ்விரு இனங்களிலும் காணப்படுகிறது. பழுதைச் சுமக்கும் நாய்க்குக் கண் நன்றாகவே தெரியும். பார்ப்பவர் ஐயுறுவதற்கு இடமே இராது. அத்தகைய லாப்ரடார் ஒன்றையும் அத்தகைய பூடில் ஒன்றையும் இணைத்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் அந்நோயைப் பெறுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. குட்டிப் பருவத்தில் அது துள்ளித் திரியும். வாங்கிச் சென்ற குடும்பம் அதை நேசித்து வளர்க்கும். சில ஆண்டுகள் கழித்து, அந்தி மயங்கும் வேளையில் படியில் தடுமாறும்போதுதான் உண்மை தெரியவரும். குருடருக்கு வழிகாட்டவென்று தொடங்கிய கலப்பு, குருட்டு நாயைத் தருவதாக முடிந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

இதனைத் தடுப்பது அரிய செயலன்று. நாயின் குருதியிலோ, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சிலோ இம்மரபணுவைச் சோதித்துவிடலாம். பெற்றோருள் ஒன்றேனும் பழுதில்லாதது என்று தெரிந்தால், அந்த ஈற்றில் ஒரு குட்டிக்கும் அந்நோய் வாராது. சோதனை இருந்தும் செய்யாமல் விடுவதற்குச் சோம்பலும் பணத்தாசையும் தவிர வேறு காரணம் காண்பது கடினம்.

இடுப்பு மூட்டு நோய் இவ்வளவு எளிதாகப் பிடிபடுவதன்று. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் செவ்வனே பொருந்தாமல் உராய்ந்து, நாளடைவில் நாயை முடமாக்கும் நோய் அது. பல மரபணுக்களும், உணவும், உடல் எடையும் சேர்ந்து அதனை விளைவிக்கின்றன. பெரிய உடல் கொண்ட இனங்களில் அது மிகுதி. லாப்ரடாரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இதற்கு எக்ஸ்கதிர்ப் படமே வழி. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கப்பெற்ற நாய் எலும்பியல் நிறுவனம், நாய்க்கு இரண்டு வயது நிரம்பிய பின்னரே இடுப்புப் படத்தைப் பார்த்து இறுதித் தரம் அளிக்கிறது. ஆகவே இரண்டு வயதுக்கு முன்னர் ஒரு நாயைக் குட்டி ஈன விடுவது, விடை தெரியுமுன் கணக்கை முடிப்பது போன்றது.

இங்கிலாந்தின் அரசக் கால்நடை மருத்துவக் கல்லூரியினர், பூடில் கலந்த மூன்று வகைக் கலப்பினங்களை அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து நோக்கினர். பெரும்பாலான நோய்களில், கலப்பினத்துக்கும் தூய இனத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அவர்கள் கண்டது. ஒவ்வாமை பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே ஆட்டங்கண்டது. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், லாப்ரடூடில் முதலியவற்றின் மயிரில் ஒவ்வாமை தரும் பொருள் பிற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்பது தெரிந்தது. கான்ரனின் மூன்று குட்டிகளுள் ஒன்று மட்டுமே தேறியதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஒரே வயிற்றில் பிறந்த கலப்பினக் குட்டிகளுள்ளும் ஒன்றன் மயிர் சுருண்டும், ஒன்றனது அலையலையாயும், ஒன்றனது நீண்டும் அமையும். எது எவ்வாறு வரும் என்று பிறக்குமுன் எவரும் உறுதி கூறுதல் இயலாது.

ஆகவே நல்ல குட்டிக்குக் கலப்பு என்னும் பெயர் பொறுப்பேற்காது. வளர்ப்பவரே பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்புத் தாய் தந்தையைத் தேர்வதில் தொடங்குகிறது. உடல்நலத்தோடு குணமும் பார்க்கப்பட வேண்டும். அயலாரைக் கண்டு நடுங்கும் தாயும், காரணமின்றிச் சீறும் தாயும், எவ்வளவு அழகுடையனவாயினும் விலக்கத்தக்கனவே. அச்சம் ஓரளவு பிறப்பிலும் வரும். தாயைப் பார்த்துக் குட்டி கற்றுக்கொள்வதிலும் வரும். உருவப் பொருத்தமும் தேவை. தந்தை நாய் தாயைவிட மிகப் பெரியதாயின், குட்டிகள் பெருத்து ஈற்றுக்கு இடையூறு நேரலாம். புருசெல்லா என்னும் நுண்கிருமி கருச்சிதைவை உண்டாக்குவதுடன் மனிதரையும் தொற்றக்கூடியது. ஆதலால் இணைப்பதற்கு முன் இரு நாய்களுக்கும் குருதிச் சோதனை செய்வர்.

பண்ணைகளில் வேறொரு மரபணுவையும் மறத்தலாகாது. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற ஆட்டுமந்தை நாய்கள் பலவற்றில், சில மருந்துகள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் அமைப்புப் பழுதுற்றிருக்கிறது. அப்பழுதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்ற கலப்பினங்களும் ஓரளவு பாதிக்கப்படலாம். மாட்டுக்கும் குதிரைக்கும் புழு நீக்கத் தரும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து, பெரிய அளவில் உட்சென்றால் இந்நாய்களுக்கு நஞ்சாகும். மருந்து உண்ட குதிரையின் சாணத்தை நாய் தின்றாலும் தீங்கு நேரலாம். ஆடு மாடுகளோடு நாயும் வாழும் இடத்தில், மருந்திட்ட நாளில் நாயைக் கட்டிவைத்தல் நலம்.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். முதல் ஐந்து வாரங்களில் தாயின் உணவை மிகுதியாக உயர்த்தத் தேவையில்லை. குட்டிகள் விரைந்து வளர்வது கடைசி மூன்று வாரங்களிலேயே. அப்போது உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இங்கே அன்பினால் விளையும் பிழை ஒன்று உண்டு. 'குட்டிகளுக்கு எலும்பு வளர வேண்டுமே' என்று சினைநாய்க்குச் சுண்ணச்சத்து மாத்திரைகளை வாரி வழங்குவர் சிலர். இதனால், எலும்பில் உள்ள சுண்ணச்சத்தை வேண்டும்போது எடுத்துத் தரும் உடலின் இயற்கை ஆற்றல் மந்தமாகிவிடுகிறது. குட்டி ஈன்று இரண்டு மூன்று வாரங்களில், பால் மிகுதியாகச் சுரக்கும்போது, குருதியில் அச்சத்துத் திடீரென்று குறையும். தாய் அமைதியிழந்து மூச்சிரைக்கும். கால்கள் விறைத்து உடல் நடுங்கும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லாவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. நல்ல சமன்பட்ட உணவு ஒன்றே சினைநாய்க்குப் போதும்.

ஈற்றுக்குச் சில நாள் முன்னரே, காற்றோட்டமும் அமைதியும் உள்ள மூலையில் ஒரு பெட்டியை அமைத்துத் தாயை அதில் உறங்கப் பழக்குவர். பெட்டியின் உட்புறம் சுற்றிலும், தரைக்குச் சிறிது உயரத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்துவது வழக்கம். பன்றி வளர்ப்போர் கையாளும் முறை இது. தாய் சாய்ந்து படுக்கும்போது சுவருக்கும் அதன் முதுகுக்கும் இடையில் சிக்கிய குட்டி நசுங்காமல், அச்சட்டத்தின் கீழே ஒதுங்கிக்கொள்ளும். பல குட்டிகளின் உயிரைக் காப்பது இவ்வெறும் மரச்சட்டமே.

ஈனுங்காலம் நெருங்கியதை வெப்பமானி காட்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் இருக்கும்; ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு நாளைக்கு முன் அது 37 டிகிரி அளவுக்கு இறங்கும். தாய் உணவை வெறுத்து, படுக்கையைக் கீறிக் கிளறும். பெரும்பாலும் மனிதர் கை படாமலே ஈற்று நிறைவேறும். அருகில் அமர்ந்து பார்த்திருத்தலே வேலை. ஆனால் அரைமணி நேரம் வலிய முக்கியும் குட்டி வெளிவராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி நேர்ந்தாலும், மருத்துவரை அழைக்கத் தயங்கக்கூடாது. நகரத்திலிருந்து தொலைவில் உள்ள பண்ணைகளில் இத்தயக்கத்தாலேயே தாயும் குட்டிகளும் மாண்டதுண்டு.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, காதும் கேளாது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. குளிர்ந்துபோன குட்டியால் பாலைச் செரிக்க முடியாது. ஆகவே குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவதற்கு முன் மெல்ல மெல்ல வெப்பமூட்ட வேண்டும். முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 30 டிகிரி அளவில் இருத்தல் நன்று. பெட்டி முழுவதையும் சூடாக்குதல் தவறு. ஒரு பக்கம் வெப்பமாயும் ஒரு பக்கம் தண்மையாயும் இருந்தால், குட்டிகள் ஊர்ந்து தமக்கு ஏற்ற இடத்தைச் சேரும். தாயும் வெம்மையால் வாடாது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கிக் கிடந்தால் குளிர் என்பதும், விலகி விலகிக் கிடந்தால் வெப்பம் மிகுதி என்பதும் குறிப்பால் அறியத்தக்கவை.

முதல் நாளில் தாய் சுரக்கும் சீம்பாலை ஒவ்வொரு குட்டியும் உண்டாக வேண்டும். நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. ஒரு நாள் கழிந்தால், அவற்றை உட்கொள்ளும் ஆற்றலைக் குட்டியின் குடல் இழந்துவிடும். வலிய குட்டிகள் முந்திக்கொள்ள, மெலிந்த குட்டி ஓரத்தில் தள்ளப்படும். அதனை எடுத்து நிறைந்த காம்பில் சேர்ப்பது வளர்ப்பவர் கடமை. நாள்தோறும் ஒரே வேளையில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எடையைக் குறித்துவைப்பர். குட்டி ஏழு முதல் பத்து நாளுக்குள் பிறந்த எடையின் இருமடங்கை எட்ட வேண்டும். எடை கூடாத குட்டியை ஏட்டுக் கணக்கு உடனே காட்டிவிடும். கண்ணுக்கு அது தெரிய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் குட்டி இறந்துவிடக்கூடும். பண்ணை வீடுகளில் இவ்வேலையைச் சிறுவர் சிறுமியரிடமே ஒப்படைப்பது வழக்கம். பெரியவர்களைவிட அவர்கள் இதில் கண்ணுங்கருத்துமாய் இருக்கின்றனர்.

இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும். அதை அடுத்துக் காது கேட்கத் தொடங்கும். இப்போதே குடற்புழுவை நீக்கும் வேலை தொடங்கிவிட வேண்டும். குட்டி மண்ணைத் தொடுவதற்கு முன்னரே அதன் உடலில் புழு இருப்பது எவ்வாறு? நாயின் உருண்டைப்புழு, தாயின் தசைகளில் இளம்பருவத்தில் உறங்கிக் கிடக்கும். தாய் சினையுற்றதும் அது விழித்தெழுந்து, கருப்பையில் உள்ள குட்டிகளுக்குள் புகும். பிறந்த பின்னர்ப் பாலின் வழியாகவும் செல்லும். தூய்மையான வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு இருப்பது இதனாலேதான். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில் மருத்துவர் கூறும் அளவில் மருந்து கொடுப்பர். தாய்க்கும் உடன் கொடுப்பர். இப்புழுவின் முட்டைகள் மண்ணிலிருந்து சிறுவர்களின் வாய்க்குட் சென்று கண்ணையும் கெடுக்கக்கூடும். ஆதலால் குட்டியோடு விளையாடியபின் கைகழுவாமல் உண்ணக்கூடாது.

நான்காம் வாரத்தில் மென்மையான உணவைத் தட்டில் வைத்தால், குட்டிகள் பாதி தின்று பாதி மேலே பூசிக்கொள்ளும். எட்டாம் வாரத்திற்குள் பால்குடி மறந்துவிடும்.

பார்வோ என்னும் நச்சுயிர் 1978-இல் உலகெங்கும் பரவிக் கணக்கற்ற குட்டிகளைக் கொன்றது. வாந்தியும் குருதி கலந்த கழிச்சலுமாய்ச் சில நாளிலேயே குட்டியை மாய்க்கும் நோய் அது. மண்ணில் அந்நச்சுயிர் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். வந்துபோவோரின் காலணியில் ஒட்டியும் பண்ணைக்குள் நுழையும். தடுப்பூசி உண்டு. ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீம்பாலின் வழியாகத் தாய் அளித்த காப்பு, நோயைத் தடுப்பது போலவே தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகிறது. அக்காப்பு ஒரு குட்டிக்கு ஆறாம் வாரத்திலும், அதனுடன் பிறந்த மற்றொன்றுக்குப் பன்னிரண்டாம் வாரத்திலும் தேயலாம். எந்த நாளில் தேய்கிறது என்று வெளியிலிருந்து காண முடியாது. எனவேதான், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறாம் வாரம் வரையில் அடுத்தடுத்த ஊசிகளும் போடப்படுகின்றன. 'ஒன்று போட்டாயிற்று, போதும்' என்று எண்ணிய வீடுகளில்தான் பார்வோ பெரும்பாலும் புகுகிறது.

உடலைக் காத்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல ஆண்டுகள் நாய்களின் குணத்தை ஆராய்ந்தனர். ஐந்து இனங்களை ஒப்பிட்டதோடு, பசென்ஜி, காக்கர் ஸ்பானியல் என்னும் இரண்டு இனங்களைக் கலந்தும் பார்த்தனர். அவர்களுடைய நூல் 1965-இல் வெளிவந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் நடந்து 1961-இல் வெளியான மற்றொரு சோதனை, குட்டி வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. உயர்ந்த வேலி சூழ்ந்த வயலில், மனிதர் முகமே காணாதபடி குட்டிகளைத் தாயோடு வளர்த்தனர். உணவும் நீரும் வேலியின் துளை வழியே செலுத்தப்பட்டன. சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டு மீண்டும் வயலில் விட்டனர். இடைப்பட்ட வாரங்களில் பழகிய குட்டிகள் மனிதரிடம் எளிதாக ஒட்டின. பதினான்கு வாரம் வரையில் மனிதரையே காணாத குட்டிகளோ, காட்டு விலங்கைப் போல் அஞ்சி ஓடின. பின்னர் எவ்வளவு பழக்கியும் அவற்றின் அச்சம் முற்றும் நீங்கவில்லை.

உணவிலோ மரபிலோ அக்குட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. குறிப்பிட்ட சில வாரங்களில் மனிதர் கை அவற்றின்மேல் படவில்லை, அவ்வளவே. மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட அக்காலம் கழிந்தால் திரும்பி வாராது. கொட்டகையில் நூறு குட்டிகளை அடைத்து வளர்க்கும் வணிகருக்கும், அடுக்களையை ஒட்டிய பெட்டியில் ஓர் ஈற்றை வளர்க்கும் பண்ணைக் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் தெளிவாய் விளங்கும். பண்ணை வீட்டுக் குட்டி, பாத்திரம் விழும் ஓசையையும், உழுபொறியின் இரைச்சலையும், கோழியின் கொக்கரிப்பையும் கேட்டே வளர்கிறது. முதியோர், சிறுவர், தொப்பி அணிந்தவர், கோல் ஊன்றி நடப்பவர் எனப் பலரும் அதனைக் கையில் எடுக்கின்றனர். புல், சரளைக்கல், மரப்படி, ஈரத்தரை என ஒவ்வொன்றிலும் அது கால்வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு குட்டியையும் தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டுச் சிறிது நேரம் தனியே எடுத்துச் செல்வதும் நல்ல பழக்கம். பிற்காலத்தில் தனித்திருக்க அஞ்சாது. ஆனால் எலிப்பாடாணம் வைத்த மூலையும், வண்டிகள் திரும்பும் முற்றமும், அயல்நாய்கள் உலவும் பாதையும் குட்டிகளுக்கு எட்டாதபடி வேலியிடப்பட்டிருக்க வேண்டும்.

எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைப் பிரித்தல் தகாது. உடன்பிறப்போடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறர்க்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முன்கூட்டியே பிரிந்த குட்டி, இப்பாடத்தைக் குழந்தைகளின் கையில் கற்க நேரும்.

குட்டி வாங்க வருவோரிடம் நேர்மையான வளர்ப்பாளர் முதலில் கேள்விகளையே கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பர்? உலாவ இடம் உண்டா? சுருண்ட மயிர் நாள்தோறும் வாரப்படாவிட்டால் சடைபிடித்துத் தோலைப் புண்ணாக்கும் என்பது தெரியுமா? சில வாரங்களுக்கு ஒரு முறை மயிரை வெட்டவும் செலவாகும். 'உதிராத மயிர்' என்ற சொல்லை மட்டும் கேட்டு வருபவர்கள் இவற்றை அறியாமல் வாங்கிச் சென்று, ஓராண்டுக்குள் நாயைக் கைவிடுவதுண்டு. வீட்டில் ஒவ்வாமை உடையவர் இருந்தால், அவரைப் பலமுறை வரச்செய்து, குறிப்பிட்ட அக்குட்டியோடே நெடுநேரம் இருந்து பார்க்கச் சொல்லுதல் வேண்டும். தாயைக் காட்டத் தயங்குபவரிடமும், சோதனைத் தாள்களைக் கேட்டால் 'கலப்பினத்துக்கு அவையெல்லாம் எதற்கு?' என்பவரிடமும் குட்டி வாங்காமல் திரும்புதல் அறிவுடைமை.

குட்டி புறப்படும் நாளில், பெற்றோரின் கண், இடுப்புச் சோதனைத் தாள்களும், புழுமருந்தும் ஊசியும் கொடுத்த நாள்களின் குறிப்பும் உடன் செல்லும். அதுவரை உண்ட உணவில் சிலநாளுக்கு வேண்டியதும் கட்டித் தரப்படும். உணவு திடீரென்று மாறினால் குட்டிக்கு வயிறு கெடும். தாயின் படுக்கையில் கிடந்த துணித்துண்டு ஒன்றையும் சேர்த்தனுப்புவர். புது வீட்டின் முதல் இரவில் குட்டி அதை மோந்துகொண்டு உறங்கும். எக்காரணத்தாலேனும் வளர்க்க இயலாமற்போனால் நாயைப் பண்ணைக்கே திருப்பி அனுப்பலாம் என்னும் உறுதிமொழியை எழுதித் தரும் குடும்பங்களும் உண்டு. குட்டிகள் எல்லாம் சென்றபின், ஏட்டில் பெயர்களுக்கு எதிரே புதிய ஊர்கள் எழுதப்படுகின்றன. தாய் இரண்டொரு நாள் வெறும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு பழையபடி முற்றத்து வெயிலில் படுத்துக்கொள்ளும். அடுத்த பருவத்தில் அதனை ஈன விடாமல், உடல் தேறும்வரை ஓய்வளிப்பர்.